பட்டையைப் படித்த பிறகு மரத்தைத் தொடுங்கள்

சாலையோரத்துப் புளியமரத்தை வெட்ட முடிவானதும் முதலில் நடப்பது எண் போடும் வேலை. ஆள் உயரத்தில் பட்டையைச் செதுக்கி, சுண்ணாம்போ பெயின்டோ பூசி, அதன்மேல் வரிசை எண்ணை எழுதுகிறார்கள். மார்பளவில் சுற்றளவு எடுத்து, விறகுக்கு எவ்வளவு தேறும், பலகைக்கு எவ்வளவு தேறும் என்று மதிப்புப் போட்டதும் கோப்பு ஏலத்துக்கு நகர்ந்துவிடும். எண் எழுதுவதற்காகச் செதுக்கிய அந்த ஒரு சாண் பட்டையில் எந்த உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, இந்த மாவட்டத்தில் அது வேறு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் இடமே கிடையாது. அந்த இடத்தை உடனே உண்டாக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்க்காரர்களுக்குப் பழைய மரத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரின் பெயரையே தாங்கிய ஆறு தென்பெண்ணையில் போய்ச் சேரும் வட்டாரம் இது. ஆற்றங்கரையில் நீர்மருதும் புங்கமும் நாவலும், சாலையோரத்தில் புளி, தோப்புகளில் மா. மொரப்பூரும் அரூரும் தாண்டிவிட்டால் தீர்த்தமலை, சித்தேரி மலைக் காடுகள். ஆனால் மரத்தை இலை, காய், நிழல், விறகு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் பட்டை தெரிவதில்லை. பட்டைமேல் சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள், வெள்ளை நிறங்களில் படர்ந்திருக்கும் திட்டுகளை மரத்துக்கு வந்த தேமல் என்றே பலர் நினைக்கிறார்கள். சிலர் சுரண்டிக்கூட விடுகிறார்கள். அவை நோயல்ல. மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறும் உறிஞ்சாமல், ஒட்டி நிற்க இடம் மட்டும் வாங்கிக்கொண்டு வாழும் லைக்கன்கள்.

லைக்கன் தனி ஓர் உயிர் இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். வீடு கட்டுவதும் ஈரம் காப்பதும் பூஞ்சையின் பொறுப்பு, வெயிலில் சமைத்துப் போடுவது பாசியின் பொறுப்பு. 1867இல் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் ஸைமன் ஷ்வெண்டனர் இதை முதன்முதலில் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் அவரை ஏற்கவே இல்லை. 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் பல லைக்கன்களின் மேற்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் சேர்ந்து வாழ்வதைக் காட்டினார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் உலகத்துக்கு இதன் உள்விவரம் முழுதும் தெரிந்துவிடவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். அப்படிப்பட்ட உயிரைத்தான் நாம் மரத்தோடு சேர்த்து டன் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு வேர் இல்லை. இலைக்கு இருப்பதுபோல் மெழுகுப் பூச்சும் இல்லை. காற்றில் வருவது எதுவோ, மழையில் இறங்குவது எதுவோ, அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். நஞ்சு வந்தால் கழித்துத் தள்ள இலை உதிர்க்கும் வசதியும் கிடையாது. தருமபுரிக் கோடையில் மாதக்கணக்கில் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் நிலையில் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் சில நிமிடங்களில் நிறம் மாறி உயிர் பிடித்து வேலையைத் தொடங்கிவிடும். வறட்சியை இவ்வளவு பொறுக்கும் இந்த உயிர்களில் பல, புகையையும் தூசியையும் பொறுப்பதில்லை. பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் மறைந்துவருவதை 1866இலேயே வில்லியம் நைலாண்டர் பதிவுசெய்து, நகரத்துக் காற்று கெட்டிருப்பதற்கு அதைச் சாட்சியாக வைத்தார். காற்றை அளக்கும் கருவி எதுவும் நிறுவப்படாத சிற்றூரில் இன்றைக்கும் பட்டைதான் அந்தக் கருவி.

ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். நம் ஊர்ப் பக்கம் ஒரு மாமரத்தையோ புளியமரத்தையோ நெருங்கிப் பார்ப்போம். எளிதில் கண்ணில் படுவது வெள்ளிச் சாம்பல் நிறத்தில், ஓரம் பிளவுபட்டு, வட்டமாகப் பட்டையோடு ஒட்டிய திட்டு. பிக்ஸின் கோகோஸ், டிரினேரியா போன்றவை இந்த வகை. சமவெளியில் மா, புளி, தென்னை என்று எங்கும் வரும். போக்குவரத்துப் புகையையும் தாங்கும். பிக்ஸின் கோகோஸ்மேல் புற ஊதா விளக்கைப் பிடித்தால் மஞ்சளாக ஒளிரும். இவற்றைப் பார்த்துவிட்டு 'லைக்கன் நிறைய இருக்கிறதே, காற்று நன்றாகத்தான் இருக்கிறது' என்று திரும்பிவிடுவது பெரும் பிழை. மற்ற இனங்கள் செத்துப்போன இடத்தில் தாங்கும் இனம் பரவும். வெள்ளி வட்டங்கள் மட்டும் பெருகி நிற்கும் மரம், நல்ல செய்தி சொல்லும் மரம் இல்லை.

தேட வேண்டியது இன்னும் நுணுக்கமானது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, மரத்தின் நிழல் விழும் பக்கத்தில் வழவழப்பான பட்டையைப் பாருங்கள். பட்டையின் நிறத்திலேயே மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதன்மேல் மயிரிழை அகலத்தில் கருப்புக் கோடுகள், சில நேராக, சில கிளைவிட்டு, சில வளைந்து நெளிந்து ஓடும். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் கண் இமை திறந்தாற்போல் ஒரு பிளவு தெரியும். நகத்தால் ஓரத்தை லேசாகக் கீறினால் உள்ளே ஆரஞ்சு கலந்த பச்சை தெரியும். அது டிரென்டிபோலியா என்ற பாசி. இந்தக் கோடுகள்தான் கிராஃபிடேசியே குடும்பத்தின் கையெழுத்து. உலகில் 2,000 இனங்களுக்கு மேல் கொண்ட குடும்பம் இது. பெரும்பாலானவை வெப்பமண்டலத்து மரப்பட்டைகளில் மட்டும் வாழ்பவை.

இனத்தைச் சொல்ல லென்ஸ் போதாது. கோட்டின் குறுக்கே சவர பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து, வித்துகளைப் பார்க்க வேண்டும். வித்துக்குள் எத்தனை அறைகள், நிறமற்றதா பழுப்பா, அயோடின் பட்டால் நீலமாகிறதா செம்பழுப்பாகிறதா, கோட்டின் சுவர் முழுவதும் கரியாக இருக்கிறதா, மேல்விளிம்பு மட்டுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விட்டால் சிலவற்றில் மஞ்சள் தோன்றி, சிறிது நேரத்தில் செந்நிற ஊசிப் படிகங்களாக மாறும். நார்ஸ்டிக்டிக் அமிலம் இருப்பதற்கு அது அடையாளம். இத்தனையும் பார்த்த பிறகே பெயர் சொல்ல முடியும். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு திட்டுகள், வித்தின் அறைக் கணக்கில் வெவ்வேறு இனமாகப் பிரிந்து நிற்கும். இந்தப் பயிற்சி ஒரு பயிலரங்கில் வந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியது.

கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? இந்திய லைக்கனியலின் தந்தை என்று போற்றப்படும் தரணி தர் அவஸ்தி லக்னோவில் வளர்த்த மரபு, அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடர்கிறது. பட்டைமேல் படலமாகப் படரும் நுண்லைக்கன்களுக்கு இந்தியா, நேபாளம், இலங்கை மூன்றுக்கும் சேர்த்து அவர் எழுதிய அடையாளத் திறவுநூல் வெளிவந்தது 1991இல். அதற்குப் பிறகு உலகில் கிராஃபிடேசியே குடும்பத்தின் வகைப்பாடே தலைகீழாக மாறிவிட்டது. 2014இல் பன்னாட்டு ஆய்வாளர்கள் கூடி அந்தக் குடும்பத்தில் மட்டும் 175 புதிய இனங்களை ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். அதே ஆண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையிலிருந்து கோதமி வீரகோன் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தக் குடும்பத்தில் 13 புதிய இனங்களை வெளியிட்டார். புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனத்தார் மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டெடுத்த அல்லோகிராஃபா எஃப்யூசோசொரெடிகா என்னும் இனத்தை, உருவம், வேதியியல், மரபணு மூன்றாலும் சோதித்து உறுதிசெய்தார்கள். தேடிய இடமெல்லாம் கிடைக்கிறது. தேடாத இடத்தில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி மரத்தை வெட்ட நமக்கு யார் உரிமை தந்தது?

தமிழ்நாட்டுக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. நாட்டிலேயே லைக்கன் வளம் மிக்க மாநிலங்களில் இது ஒன்று. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் அமிலத்தையும் காரத்தையும் பிரித்துக் காட்டும் லிட்மஸ், ரோசெல்லா என்ற லைக்கன் பேரினத்தின் சாயம்தான். நம் கடலோர மரப்பட்டைகளில் தாடிபோல் தொங்கும் ரோசெல்லா மான்டேன்யி இனத்துக்கு, புதுச்சேரியில் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சார்ல் பெலாங்கர் 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார். சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் போய், மரப்பட்டை லைக்கன்கள் எங்கே குறைகின்றன, எங்கே நிறைகின்றன என்பதை வைத்துக் காடு எந்த அளவு சிதைந்திருக்கிறது என்று கணிக்க முயன்றார்கள். பின்னர் கிண்டி தேசியப் பூங்காவின் மரங்களையும் அப்படியே ஆராய்ந்தார்கள். பிச்சாவரத்துக்கும் கிண்டிக்கும் செய்ய முடிந்ததை மொரப்பூர்க் காட்டுக்கும் சித்தேரிக்கும் செய்ய முடியாதா?

அரிய லைக்கன் ஒன்றை அடையாளம் கண்டால் அதன் பின் ஒரு சமூகம் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கனடாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்பது சாம்பல் நிறக் கம்பளித் துணுக்குபோல் ஊசியிலை மரங்களின் பட்டையில் வாழும் லைக்கன். அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் இருந்த இனம், ஐரோப்பாவில் மரவெட்டாலும் காற்று மாசாலும் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. உலகச் சிவப்புப் பட்டியலில் முதன்முதலாக லைக்கன்கள் சேர்க்கப்பட்டது 2003இல். அன்று சேர்ந்தவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று இது, மிக மோசமான அழிவு நிலையில். நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஆய்வாளர்கள், இந்த லைக்கன் விரும்பும் காட்டின் தன்மையை முதலில் வகுத்துக்கொண்டார்கள். முதிர்ந்த பால்சம் ஃபிர் மரங்கள், பக்கத்தில் சதுப்பு, குளிர்ந்த ஈரக்காற்று. இவை ஒன்றுசேரும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே போய்த் தேடிப் புதிய இடங்களைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்த லைக்கன் இருப்பது உறுதியான இடத்தைச் சுற்றி மரம் வெட்டாத வளையம் விட வேண்டும் என்பது அங்கே விதி. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உயிருக்காக மரவெட்டு நிறுவனங்கள் ஒதுங்கிப் போகின்றன.

அவர்களுடைய முறையை நம் நிலத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். இங்கே காடு வறண்டது. உசிலும் ஆச்சாவும் வெப்பாலையும் முள்மரங்களும் நிறைந்தது. இத்தகைய காட்டில் மென்மையான இனங்கள் எல்லா மரத்திலும் பரவி நிற்பதில்லை. ஓடைக்கரை, வடக்குப் பார்த்த சரிவு, பாறை இடுக்கில் ஈரம் தங்கும் இடம், கோயில்காட்டின் உள்மரங்கள் என்று ஒதுங்கி வாழும். மரத்துக்கு மரம் வேறுபாடும் உண்டு. நீர்மருது பட்டையைத் தகடு தகடாக உரித்துக்கொள்வதால் அதில் லைக்கன் நிலைப்பது கடினம். தைல மரத்திலும் அதே கதை. வழவழப்பான, நிலைத்த பட்டைதான் கோட்டு லைக்கன்களுக்குப் பிடித்தமானது. முதிர்ந்த மரத்தின் வெடித்த, சொரசொரப்பான பட்டையில் வேறொரு கூட்டம் குடியேறும். ஒரு மரத்திலேயே அடியில் ஒன்று, கிளை பிரியும் இடத்தில் ஒன்று, உச்சிக் கொம்பில் இன்னொன்று. தரையோடு பரவும் காட்டுத்தீ முதலில் கருக்குவது அடிமரத்துப் பட்டையை. மரம் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். பட்டைக் கூட்டம் துளிர்ப்பதில்லை.

படலமாக வளரும் லைக்கன் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், பல இனங்களில் அதற்கும் குறைவாகவே நகரும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு இருக்கிறது என்றால் அது நம் வீட்டுப் பெரியவர்கள் குழந்தையாக இருந்த காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நடுகிறோம் என்று சொல்லும் அதிகாரிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப்பார்க்க வேண்டும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த 2022இல் தொடங்கப்பட்டது. நல்ல நோக்கம், வரவேற்கிறோம். ஆனால் புதிதாக நட்ட கன்று தன் பட்டையைப் பழையதாக்கிக்கொள்ளவே பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை பட்டை உயிர் காத்திருக்க, பக்கத்தில் பழைய மரம் நின்றாக வேண்டும். வித்தும் துகளும் அங்கிருந்துதான் பறந்து வர வேண்டும். பழைய மரத்தையெல்லாம் அகற்றிவிட்டுக் கன்று நட்டால், கன்றுக்கு வந்து சேர எதுவும் மிஞ்சாது. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதும் தீர்வாகாது. கிளைகளை வெட்டி மொட்டையாக்கி, நிழலில் இருந்த பட்டையை வெட்டவெளி வெயிலில் நிறுத்தினால் மரம் ஒருவேளை பிழைக்கும். நிழலுக்குப் பழகிய லைக்கன் பிழைக்காது.

இன்னொரு ஆபத்து சமையற்கட்டு வழியாக வருகிறது. செட்டிநாட்டு மசாலாவுக்கும் பிரியாணிக்கும் மணம் தரும் கல்பாசி, பார்மோட்ரிமா பெர்லாட்டம் என்ற லைக்கன். சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மலைக்காட்டு மரங்களின் கிளையிலிருந்து உரித்தெடுப்பது. உரிக்கும்போது இது அந்த இனம், இது வேறு இனம் என்று பிரிப்பதில்லை. ஒரே மூட்டையில் பல இனங்கள் கலந்து போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெயர் வைக்கப்படாத ஓர் இனம் அந்த மூட்டையில் போய் நம் குழம்பில் கொதித்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். உரிக்கும் மலைமக்களைக் குற்றவாளி ஆக்குவதற்கு இந்தத் தலையங்கத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது. 1992இல் சந்தனமரத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் வாச்சாத்திப் பழங்குடி மக்கள்மேல் அரசு அதிகாரிகள் நடத்திய கொடுமையை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த அதிகாரிகளுக்குத் தண்டனை வழங்கப்பட்டது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். காட்டின் சிறு விளைபொருளைச் சேகரிப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு அங்கீகரித்த உரிமை. எந்த மரத்தில் எது எவ்வளவு அடர்த்தியாக வருகிறது, உரித்த கிளையில் மறுபடி எத்தனை ஆண்டில் வருகிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் சித்தேரியின் மலையாளிப் பழங்குடி மக்கள். கணக்கெடுப்பின் முதல் ஆசிரியர்களாக அவர்களைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும்.

உண்மையான அழுத்தம் வேறு இடத்திலிருந்து வருகிறது. கருங்கல் வெட்டும் தொழில் இந்த மாவட்டத்தில் வேரூன்றிவிட்டது. கல் உடைக்கும் ஆலையிலிருந்து பறக்கும் தூசி சாலையோர மரத்தின் பட்டைமேல் படிந்து அதன் அமிலத் தன்மையையே மாற்றிவிடும். அமிலப் பட்டைக்குப் பழகிய இனங்கள் அதோடு முடிந்தன. சாலைகள் அகலமாகின்றன. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் 2018இல் அரூர்ப் பகுதியைப் பதறவைத்ததே, அப்போது கிணறு எத்தனை, தென்னை எத்தனை, வீடு எத்தனை என்று விவசாயிகள் தாங்களே எண்ணி முன்வைத்தார்கள். அது அவர்களின் வாழ்வு, எண்ணியது நியாயம். காட்டுக்குள் போகும் பகுதியில் பட்டையில் வாழ்வதை எண்ண வேண்டியது அரசின் கடமை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் மரம், செடி, கொடி, புல் என்று நீளும் பட்டியலில் லைக்கனுக்கு ஒரு வரி ஒதுக்கப்படுவது அபூர்வம்.

வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறோமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை இந்த வட்டாரத்து மக்கள் தலைமுறைகளாகக் கேட்டது. சுமார் 36 கிலோமீட்டர். 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். அது சீக்கிரம் வர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாதை போடுவதற்கு முன் மண்ணைச் சோதிக்கிறார்கள், பாலத்துக்கு வெள்ள அளவைப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் இதையும் ஒரு சோதனையாகச் சேர்த்தால் திட்டம் நின்றுவிடாது. மரங்களைப் பார்க்க ஒரு பருவம் போதும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவின் பரிசீலனைப் படிவத்தில், முதிர்ந்த மரங்களுக்குப் பட்டை உயிர் ஆய்வறிக்கை கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. எண் போடுவதற்காகப் பட்டையைச் செதுக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். தகரத் துண்டில் எண்ணை எழுதிக் கயிற்றால் கட்டினால் ஆகாதா? 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். கம்பைநல்லூர் பேரூராட்சிக்கும் அது பொருந்தும். பதிவேட்டை முடிக்க 2020 ஜனவரி வரை பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. கெடுவுக்காக நிரப்பும் பதிவேடு வேறு, மரமரமாகப் பார்த்து எழுதும் பதிவேடு வேறு. பேரூராட்சி தன் பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். அதில் லைக்கனுக்கு எத்தனை வரி இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்வோம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக 2022இல் அரசு அறிவித்தது. யானை நடமாடும் காட்டுக்கு அந்தக் காவல் தேவைதான். யானை வராத சித்தேரிச் சரிவுக்கும் ஊருக்குப் பக்கத்துக் கோயில்காட்டுக்கும் வேறொரு காவல் உண்டு. மதுரை அரிட்டாபட்டியை 2022இலும் திண்டுக்கல் காசம்பட்டியின் கோயில்காட்டை 2025இலும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அதே சட்டப்பிரிவு அது. காசம்பட்டிக் காட்டின் பரப்பு ஐந்து ஹெக்டேர்கூட நிறையாது. சிறிய இடம் என்று தள்ளிவிட இனி யாருக்கும் சாக்கு இல்லை.

ஆள் இல்லை என்பதுதான் கடைசியாக வரும் பதில். தருமபுரியிலும் அரூரிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையம் இருக்கிறது. தாவரவியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்த மாவட்டமே ஆய்வகம். நுண்ணோக்கி ஏற்கெனவே உண்டு. தேவைப்படுவது சில ரசாயனங்கள், கைலென்ஸ்கள், ஆண்டுக்கு இரு மாணவர்களையாவது லக்னோவுக்கு அனுப்பிப் பயிற்சி தர உதவித்தொகை, எடுத்த மாதிரிகளைக் காகித உறையிலிட்டு இடம், மரம், நாள் குறித்துப் பாதுகாக்க ஓர் அலமாரி. ஒரு பேருந்து நிழற்குடை கட்டும் செலவுக்குள் இது முடியும். மாநில வனத்துறை தன் ஆராய்ச்சிப் பிரிவில் லைக்கனுக்கென்று ஒரு நிரந்தரப் பணியிடத்தையாவது ஏற்படுத்தினால், படித்து வரும் பிள்ளைகளுக்கு வேலை என்ற நம்பிக்கையும் பிறக்கும். வேலை இல்லாத படிப்பை யாரிடமும் படிக்கச் சொல்ல முடியாது.

வடகிழக்குப் பருவமழை முடிந்து பட்டை ஈரத்தோடு இருக்கும் மார்கழி, தை மாதங்கள் இந்தக் கணக்கெடுப்புக்கு ஏற்றவை. லைக்கன்கள் நிறம் தெளிந்து கண்ணுக்குப் படும் காலம் அது. கம்பைநல்லூர்–மொரப்பூர்–அரூர் சாலைகளின் முதிர்ந்த புளியமரங்கள், ஆற்றங்கரை மரங்கள், தீர்த்தமலை, சித்தேரி அடிவாரக் காடுகள் ஆகியவற்றிலிருந்து வேலையைத் தொடங்கலாம். கணக்கெடுப்பு முடியும்வரை இந்தப் பாதைகளில் புதிதாக எந்த முதிர்ந்த மரத்துக்கும் வெட்டு அனுமதி தருவதில்லை என்று மாவட்டப் பசுமைக் குழு தன் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும். ஆட்சியரின் ஒரு கையெழுத்துப் போதும்.